கூட்டல் குறிப் பொத்தானைத் தந்தவர்



இந்த முறை சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதணும்னு தமிழ் ஐயா சொன்னார். நான் பேர் கொடுக்கப் போறதுக்குள்ள காந்தியடிகள், எடிசன், அப்துல் கலாம், மேரி கியூரி எல்லாரையும் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. யாரைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் வீட்டுக்குப் போனேன்.

எனக்கு வழி காட்டியது எங்க வீட்டுப் பரண்! போகிக்குச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பெட்டியில் எங்க மாமாவோட பிரிக் கேம் கிடைத்தது. மேலே சின்னத் திரை, கீழே பொத்தான்கள். கட்டம் கட்டமாக மேலிருந்து விழும், நாம் அடுக்க வேண்டும். இரண்டு பென்சில் செல் போட்டதும் டிங் டிங் என்று சத்தத்தோடு உயிர் வந்துவிட்டது. என் போன்ல நூறு விளையாட்டு ஏற்றலாம். ஆனாலும் அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டில் எல்லாரும் வரிசையில் நின்று அதைத்தான் விளையாடினோம். எங்க பாட்டி கூட விளையாடினாங்க. யாரும் அவங்களுக்குச் சொல்லித் தரவே இல்லை.

இது எப்படி என்று யோசித்தேன். தேடிப் படித்தபோது ஒரு ஜப்பானியரின் பெயர் கிடைத்தது. அவர்தான் குன்பெய் யோகோய். அவர் கதையைப் படித்ததும் எனக்கு இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்தது. அது என்ன கேள்வி என்று கடைசியில் சொல்கிறேன்.

சீட்டுக் கம்பெனியில் வேலை

குன்பெய் யோகோய் 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் பிறந்தார். அதே நகரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தார். 1965ஆம் ஆண்டு நிண்டெண்டோ என்ற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

நிண்டெண்டோ என்றால் வீடியோ கேம் கம்பெனிதானே என்று நினைப்பீர்கள். அப்போது அப்படி இல்லை! 1889இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, பூப்படம் போட்ட ஒரு வகைச் சீட்டுக்கட்டு தயாரித்து விற்று வந்தது. அந்தச் சீட்டு தயாரிக்கும் இயந்திரங்கள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் யோகோயின் வேலை. இயந்திரம் நன்றாக ஓடினால் அவருக்கு வேலையே இல்லை.

சும்மா இருந்த நேரத்தில் அவர் ஒரு பொம்மைக் கை செய்தார். கத்தரிக்கோல் மாதிரி பிடியை அழுத்தினால் குறுக்குச் சட்டங்கள் விரிந்து கை நீளும், தூரத்தில் உள்ள பொருளைப் பிடிக்கும். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி இதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று திட்டு விழும் என்றுதானே நினைப்போம்? ஆனால் தலைவர் அதையே விற்பனைக்குத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். 1966இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்த அந்தக் கை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆகிவிட்டார்.

1969இல் அன்பை அளக்கும் கருவி ஒன்று செய்தார். இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்தால் முள் நகரும். உண்மையில் அது உடம்பு வழியாகப் போகும் சிறு மின்னோட்டத்தை அளக்கும் சாதாரண மீட்டர்தான். நம்ம ஆய்வுக்கூடத்தில் இருக்கிற அதே வகைதான். ஆனால் யாருமே நினைக்காத இடத்தில் அதைப் பயன்படுத்தினார்.

இங்கேதான் அவருடைய கொள்கை தெரிகிறது. புதிதாக வந்த, விலை உயர்ந்த தொழில்நுட்பத்தின் பின்னால் அவர் ஓடவில்லை. எல்லாருக்கும் பழகிப்போன, விலை குறைந்த, அடிக்கடி கெட்டுப்போகாத பொருளை எடுத்து, அதற்குப் புது வேலை கொடுப்பார். வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்தார். ஒரே ஒருமுறை மாறினார். அப்போது என்ன நடந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

ரயிலில் கிடைத்த யோசனை

ஒருநாள் அவர் அதிவேக ரயிலில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைச் சும்மா அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தார். நாமளும் கணக்கு வகுப்பில் செய்திருக்கோம் (கணக்கு ஆசிரியர் மன்னிக்கவும்). நாம் அதோடு விட்டுவிட்டோம். அவர் விடவில்லை. பெரியவர்கள் பயணத்தில் விளையாட, கையில் அடங்கும் கருவி ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார்.

அந்தக் காலத்தில் கால்குலேட்டர் கம்பெனிகளுக்கு இடையே கடும் போட்டி. அதனால் அதன் திரையும் சில்லும் மிகவும் மலிவாகிவிட்டன. கால்குலேட்டரில் 8 என்ற எண்ணைப் பாருங்கள். அது ஏழு சிறு கோடுகள். எந்தக் கோடு எரியணுமோ அது மட்டும் கறுப்பாகும். அந்தக் கோடுகளுக்குப் பதிலாகக் குட்டி மனிதன், பந்து, கை என்று உருவங்களை வரைந்துவிட்டால்? ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பாகும்போது மனிதன் நகர்கிற மாதிரி தெரியும். அவ்வளவுதான் சூத்திரம்!

இப்படிப் பிறந்ததுதான் கேம் அண்ட் வாட்ச். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வந்தது. விளையாட்டும் உண்டு, மணியும் பார்க்கலாம். இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கட்டை விரலாலும் விளையாடலாம். இன்னைக்கு நாம போனைப் படுக்க வைத்துப் பிடித்து விளையாடுவதும் அப்படித்தானே? பல வகைகளாக வந்து உலகம் முழுவதும் 4 கோடிக்கு மேல் விற்றது.

கூட்டல் குறி பிறந்தது

1982இல் டாங்கி காங் என்ற விளையாட்டை இந்தச் சிறு கருவியில் கொண்டுவர வேண்டியிருந்தது. அதில் மனிதன் இடம் வலம் போகணும், ஏணியில் ஏறணும், இறங்கணும். கடைகளில் இருந்த பெரிய விளையாட்டு இயந்திரங்களில் இதற்காக ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கருவியோ டப்பா மாதிரி மடித்து மூடுகிற வகை. குச்சி வைத்தால் மூட முடியாது, சட்டைப்பையில் வைத்தால் உடைந்துவிடும். நான்கு தனித்தனிப் பொத்தான் வைத்தாலோ, எது எந்தப் பக்கம் என்று அடிக்கடி குனிந்து பார்க்கணும். பார்க்கிற நேரத்தில் விளையாட்டில் ஆள் அவுட்!

யோகோய் நான்கையும் ஒன்றாக இணைத்துத் தட்டையான ஒரு கூட்டல் குறி செய்தார். நடுவில் மட்டும் தாங்கி இருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப் பக்கம் தூக்கும், சீசா பலகை மாதிரி. அதனால் இடதும் வலதும் சேர்ந்து அழுந்தாது. கட்டை விரலை வைத்தாலே எது மேல், எது கீழ் என்று விரலுக்கே தெரிந்துவிடும். கண் திரையிலேயே இருக்கலாம்.

சின்ன விஷயம்தான். ஆனால் அடுத்த ஆண்டு நிண்டெண்டோ வெளியிட்ட வீட்டு விளையாட்டுக் கருவியிலும் அது வந்தது. அதன் பிறகு வந்த எத்தனையோ கம்பெனிகளின் கைப்பிடிகளில் ஏதாவது ஒரு வடிவில் அந்தத் திசைப் பொத்தான் இருக்கிறது. டிவி ரிமோட்டில் நடுவில் நான்கு திசைக்கும் பொத்தான் இருக்குமே, அதையும் இன்னைக்கு வீட்டுக்குப் போய்க் கவனித்துப் பாருங்கள்.

வண்ணமா, செல்லா?

இப்போது பெரிய போட்டிக்கு வருவோம். 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் யோகோயின் குழு கேம் பாய் என்ற கருவியை வெளியிட்டது. கேம் அண்ட் வாட்சில் ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டுதான். கேம் பாயிலோ அட்டை மாற்றி மாற்றி வேறு வேறு விளையாட்டு போடலாம். ஆனால் திரையில் வண்ணமே கிடையாது. பாசி நிறத்தில் நான்கு சாயல் மட்டும்தான். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. இருட்டில் ஒன்றும் தெரியாது.

அதே ஆண்டு அமெரிக்காவில் அட்டாரி கம்பெனியின் லிங்க்ஸ் வந்தது. 1990இல் ஜப்பானில் சேகா கம்பெனியின் கேம் கியர் வந்தது. இரண்டும் அழகான வண்ணத் திரை, உள்ளே விளக்கு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். எது ஜெயித்திருக்கும் என்று என் வகுப்பில் கேட்டேன். எல்லாரும் வண்ணத் திரைக்குத்தான் கை தூக்கினார்கள்.

ஆனால் எதிரியின் கருவி வண்ணத்தில் வருகிறது என்று கேள்விப்பட்டபோது யோகோய் பயப்படவில்லையாம். நிம்மதி அடைந்தாராம்! காரணம், வண்ணத் திரைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

வாங்க, ஒரு கணக்குப் போடுவோம். கேம் கியருக்கு 6 செல். அது 3 முதல் 5 மணி நேரம்தான் ஓடும். 5 மணி என்றே வைத்துக்கொள்வோம். கேம் பாய்க்கு 4 செல். குறைத்துச் சொன்னாலும் 15 மணி நேரம் ஓடும். ஒரு மாணவன் லீவில் மொத்தம் 30 மணி நேரம் விளையாடுகிறான். கேம் பாய்க்கு 8 செல் போதும். கேம் கியருக்கு 36 செல்! எந்த அப்பா வாங்கித் தருவார்?

விலையிலும் வித்தியாசம். அமெரிக்காவில் கேம் பாய் சுமார் 90 டாலர். கேம் கியர் சுமார் 150 டாலர். லிங்க்ஸ் சுமார் 180 டாலர்.

செல்லும் விலையும் மட்டுமே காரணம் இல்லை. உள்ளே ஓடும் விளையாட்டுதான் இன்னொரு பெரிய காரணம். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கணினி வல்லுநர் டெட்ரிஸ் என்ற கட்டம் அடுக்கும் விளையாட்டை உருவாக்கினார். எங்க மாமாவின் பிரிக் கேமில் விழுந்ததும் அதே விளையாட்டுதான். ஹென்க் ராஜர்ஸ் என்பவர் மாஸ்கோ வரை போய், கையடக்கக் கருவிக்கான உரிமையை வாங்கி வந்தார். மரியோ விளையாட்டைக் கேம் பாயோடு சேர்த்துக் கொடுத்தால் சின்னப் பையன்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைக் கொடுத்தால் எல்லா வயதினரும் வாங்குவார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னார். அமெரிக்காவில் கேம் பாய் பெட்டியிலேயே டெட்ரிஸ் வந்தது. அதை விளையாட வண்ணம் வேண்டாம், வேகமான சில்லும் வேண்டாம். கூட்டல் குறிப் பொத்தானும் இன்னும் இரண்டு பொத்தானும் போதும். கருவியும் மென்பொருளும் ஜாடியும் மூடியும் போலப் பொருந்திவிட்டன.

முடிவு என்ன? கேம் கியர் விற்பனை ஒரு கோடியைச் சற்றே தாண்டியது. லிங்க்ஸ் அதற்கும் மிகக் கீழே நின்றுவிட்டது. கேம் பாயும், பிறகு 1998இல் வந்த அதன் வண்ண வடிவமும் சேர்ந்து சுமார் 11 கோடியே 87 லட்சம் விற்றன!

இந்த வெற்றி சுலபமாகக் கிடைக்கவில்லை. தயாரிப்பின்போது முதலில் தேர்ந்தெடுத்த திரையில், நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் படம் தெரியவில்லை. தலைவர் அதைப் பார்த்துவிட்டு இதை விற்க முடியாது என்று சொல்லிவிட்டார். யோகோய்க்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வேறு வகைத் திரைக்கு மாற்றித்தான் தப்பித்தார். ஜெயித்தவர்களுக்கும் நம்மைப் போலப் பயம் வந்திருக்கிறது.

தெரிஞ்சுக்கோங்க!

★ இரண்டு கேம் பாய்களை ஒரு ஒயரால் இணைத்து இரண்டு பேர் விளையாடலாம். பூச்சி பிடிப்பதில் ஆசை கொண்ட சதோஷி தஜிரி, அந்த ஒயர் வழியாகப் பூச்சி ஊர்ந்து போவது போலக் கற்பனை செய்தார். அதிலிருந்து 1996இல் போக்கிமான் பிறந்தது.

★ வளைகுடாப் போரில் குண்டு வீச்சில் கருகிப்போன ஒரு கேம் பாய் அதன் பிறகும் வேலை செய்தது. நியூயார்க் நிண்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

★ மெட்ராய்ட் என்ற புகழ்பெற்ற விளையாட்டின் தயாரிப்பாளரும் யோகோய்தான்.

அவரும் தோற்றார்

வாழ்க்கை வரலாறு என்றால் நல்லதை மட்டும் எழுதக் கூடாது என்று ஐயா சொல்லியிருக்கிறார். அதனால் இதையும் எழுதுகிறேன்.

1995இல் யோகோய் விர்ச்சுவல் பாய் என்ற கருவியைக் கொண்டுவந்தார். முகத்தை உள்ளே வைத்துப் பார்த்தால் படம் ஆழமாக, முப்பரிமாணமாகத் தெரியும். அந்தக் காலத்துக்கு அது புத்தம் புதிய தொழில்நுட்பம். ஆனால் படம் முழுவதும் கறுப்பும் சிவப்பும்தான். மேசை மேல் வைத்துக் குனிந்து பார்க்கணும். கழுத்து வலித்தது, கண் வலித்தது, சிலருக்குத் தலை சுற்றியது. ஒருவர் விளையாடுவதைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கவும் முடியாது. மொத்தமே 22 விளையாட்டுகள்தான் வந்தன. எட்டு லட்சம் கூட விற்கவில்லை. ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிட்டார்கள்.

பழகிய பொருளைப் புது வழியில் பயன்படுத்து என்று சொல்லி வந்தவர், இந்த ஒரு தடவை பழகாத பொருளின் பின்னால் போய்விட்டார். பொத்தானைத் தேடிக் கண் கூடக் குனியக் கூடாது என்று கவலைப்பட்டவர் செய்த கருவியில், ஆளே குனிய வேண்டியதாகிவிட்டது. படிக்கும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது.

1996இல் சிறிய, மெலிந்த கேம் பாய் பாக்கெட்டைச் செய்து முடித்துவிட்டு, 31 ஆண்டு வேலை பார்த்த கம்பெனியை விட்டு விலகினார். சொந்த ஊரில் கோட்டோ என்ற சிறு நிறுவனம் தொடங்கினார். பண்டாய் கம்பெனிக்காகப் புதிய கையடக்கக் கருவி ஒன்றை வடிவமைக்க ஆரம்பித்தார். அதாவது தான் பெற்ற பிள்ளையான கேம் பாய்க்குத் தானே போட்டியாளர்!

ஆனால் அது வெளிவருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், நெடுஞ்சாலையில் அவர் போன கார் முன்னால் சென்ற லாரியில் மோதியது. என்ன ஆயிற்று என்று பார்க்கக் காரிலிருந்து இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு வண்டி அவர் மேல் மோதிவிட்டது. அப்போது அவருக்கு வயது 56.

அந்தக் கருவி 1999இல் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் வந்தது. ஒரே ஒரு செல் போட்டால் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும். நிமிர்த்தியும் பிடிக்கலாம், படுக்க வைத்தும் பிடிக்கலாம். அதனுடன் வந்த ஒரு விளையாட்டுக்கு அவர் நினைவாகக் குன்பெய் என்றே பெயர் வைத்தார்கள். மறுபடியும் தன் பழைய வழிக்கே வந்துவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார்.

அவர் போன பிறகும்

யோகோய் இறந்து ஆறு ஆண்டு கழித்து, 2003இல், நோக்கியா கம்பெனி ஒரே வருடத்தில் இரண்டு போன்கள் வெளியிட்டது. ஒன்று என்கேஜ். போனும் விளையாட்டுக் கருவியும் சேர்ந்தது, வண்ணத் திரை. ஆனால் விளையாட்டு அட்டையை மாற்ற ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்றணும். பேசும்போது போனின் விளிம்பைக் காதில் வைக்கணும், பார்க்கிறவங்க சிரிப்பாங்க. இன்னொன்று 1100. கறுப்பு வெள்ளைத் திரை, டார்ச் லைட், தூசி புகாத பொத்தான்கள். பாம்பு விளையாட்டும் உண்டு. என்கேஜ் தோற்றது. 1100 சுமார் 25 கோடி விற்றது. எங்க தாத்தா கையிலும் அதுதான் இருந்தது.

அதற்காகப் பழசே போதும் என்று இருந்துவிடவும் கூடாது. 2007இல் ஐபோன் வந்தது. விரலால் தொட்டாலே நகரும் திரை, அதற்கேற்ற மென்பொருள். அந்த மென்பொருள் போட்டியில் நோக்கியா பின்தங்கியது. 2014இல் தன் போன் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டது. ஆக, பழசா புதுசா என்பது கேள்வி இல்லை. கையில் எடுப்பவருக்கு அது உடனே புரிகிறதா, அதை வைத்துச் செய்ய நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என் கேள்விக்குப் பதில்

போன வருடம் நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் எங்க குழு ஐந்து பேரும் காசு போட்டு ஒரு வண்ணத் தொடுதிரை வாங்கி, தமிழ்நாட்டு ஆறுகளைக் காட்டும் கருவி செய்தோம். ஆறாம் வகுப்புத் தம்பிகள் அட்டை, ஆணி, ஒயர், பல்பு வைத்துக் கேள்வி பதில் பலகை செய்தார்கள். சரியான விடையைத் தொட்டால் பல்பு எரியும். முதல் பரிசு அவங்களுக்கு! எங்களுக்கு ஆறுதல் பரிசு கூட இல்லை. நடுவர்கள் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தோம். தம்பிகளிடம் பேசக் கூட இல்லை. ஏன் தோற்றோம் என்பதுதான் இத்தனை நாளாக என் கேள்வி.

இப்போது உண்மையை ஒத்துக்கொள்கிறேன். எங்க திரையில் எங்கே தொடணும்னு வந்தவங்க யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் நாங்களே தொட்டுக் காட்டினோம். மத்தியானத்துக்கு முன்னாடியே சார்ஜ் தீர்ந்துவிட்டது. தம்பிகளின் பலகை முன்னால் மட்டும் கூட்டம் நின்றது, பெற்றோர்களும் விளையாடினார்கள். எங்களிடம் இருந்தது கேம் கியர். அவர்களிடம் இருந்தது கேம் பாய்.

இந்த வருடக் கண்காட்சிக்குப் பழைய கால்குலேட்டரையும் நான்கு பொத்தானையும் வைத்து ஒரு கருவி செய்கிறோம். பொத்தான்களை எப்படி அடுக்கியிருப்போம் என்று நீங்களே யூகிக்கலாம். அந்தத் தம்பிகளில் இரண்டு பேர் எங்க குழுவில் சேர்ந்திருக்காங்க. நானே போய்க் கூப்பிட்டேன்.

வந்து அமுக்கிப் பாருங்கள். நாங்கள் பக்கத்தில் நின்று எதுவும் சொல்ல மாட்டோம். உங்களுக்குத் தானாகவே புரிந்தால் நாங்கள் பாஸ். புரியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றிச் செய்வோம்.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு, ஆ பிரிவு மாணவன்